பட்டன் தேய்ந்த கதை

மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிதான் தென்தமிழகத்துச் சாலைகளில் காற்றடைத்த டயருக்கு வாய்த்த முதல் எதிரி. அன்று சாலை முழுக்க மாட்டு வண்டி. மாட்டுக்கு லாடம், லாடத்துக்கு ஆணி. லாடம் தேய்ந்து கழலும்போது ஆணிகள் கப்பிச் சாலையில் சிதறிக் கிடக்கும். 1912-ல் பஸ் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், பஸ் போகும் பாதையில் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓடவிட்டு அந்த ஆணிகளைப் பொறுக்கவைத்தார் என்ற கதை மோட்டார் தொழிலில் இன்றைக்கும் உலவுகிறது. கதையில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு மெருகு என்பது வேறு விஷயம். அவர் பிறந்த ஊர் திருக்குறுங்குடி. மேலப்பாளையத்திலிருந்து நாங்குநேரி வழியாகப் போனால் பைக்கில் ஒரு மணி நேரப் பாதை.

மேலப்பாளையத்துக்காரருக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை கூடும் ஊர் அது. பக்ரீத் நெருங்கினால் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. கைத்தறியும் பீடியும் சந்தையுமாக வளர்ந்த அந்த ஊர் 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று சந்தைக்கு வருகிற ஆடுகளில் பல லோடு ஆட்டோவில் வருகின்றன. சில பைக்கின் பெட்ரோல் டேங்குக்கும் ஓட்டுபவரின் மடிக்கும் நடுவே உட்கார்ந்து வருகின்றன. லாட ஆணி குறைந்துவிட்டது. அதன் இடத்தில் திருகாணி, தகரத் துண்டு, லாரி டயர் கிழிந்து சிதறிய கம்பி. பஞ்சர் கடைக்கு வேலை குறையவில்லை.

அப்படி ஒரு கடையின் முன்னால், மாமாவிடமிருந்து கைமாறி வந்த ஸ்ப்ளெண்டரோடு ஒரு பையன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரே மாதத்தில் மூன்றாவது பஞ்சர். கடைக்காரர் ட்யூபை உருவி, தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்க்கிறார். பிறகு ட்யூபை விட்டுவிட்டு டயரைக் கட்டைவிரலால் தடவுகிறார்.

“பட்டன் எல்லாம் போயிட்டு தம்பி. இனிமே ஒட்டிப் பிரயோசனம் இல்ல. டயர மாத்திரு.”

“என்ன டயர் போடலாம் அண்ணாச்சி?”

இந்தக் கேள்விக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. ‘டயர் கிடைக்குமா?’ என்பதுதான் நெடுங்காலம் கேட்கப்பட்ட கேள்வி. ‘எந்த டயர்?’ என்பது பிற்பாடு வந்தது. முதல் கேள்வி இரண்டாவதாக மாறுவதற்குள் உலகப்போர் ஒன்று, பலூன் கொட்டகை ஒன்று, ஸ்கூட்டர் காலம் ஒன்று என்று பலவும் நடந்து முடிந்தன. அவற்றில் பாதி அந்த டயரின் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. கறுப்பின் மேல் கறுப்பாக எழுதியிருப்பதால் யாரும் படிப்பதில்லை.

பையனுடைய பின் டயரில் இருப்பது ‘80/100-18’. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஐரோப்பாவின் மெட்ரிக் அளவும் ஆங்கிலேயரின் அங்குலமும் ஒரே வரியில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அதே ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்தபோது டயரில் ‘2.75-18’ என்றுதான் இருந்தது. அப்போது எல்லாமே அங்குலம். பழைய பைக்கை வைத்திருப்பவர் கடையில் தடுமாறுவது இங்கேதான். கையேட்டில் ஒரு மொழி, கடை அலமாரியில் இன்னொரு மொழி.

டயரை ரப்பர் சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உள்ளே இருப்பது துணி. இதை வேறு எந்த ஊரைவிடவும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊருக்குச் சொல்வது எளிது.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அதைப் போட்டு ஓட்ட சைக்கிளும் இல்லை, காரும் இல்லை, உலகம் மறந்துபோனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார். டன்லப் தொழில்முறையில் கால்நடை மருத்துவர். ஆட்டுச் சந்தை ஊர்க்காரர்கள் அவரைத் தாராளமாக உறவு கொண்டாடலாம். பெல்ஃபாஸ்ட் லினன் நெசவுக்குப் பேர்போன நகரம். ரப்பர் குழாயில் காற்றடைத்து அதைச் சுற்றி அவர் கட்டியதும் லினன் துணியைத்தான்.

அந்தத் துணியில்தான் வம்பு வந்தது. தறியில் நெய்த துணியில் பாவு இழையும் ஊடை இழையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னியிருக்கும். வேட்டிக்கும் கைலிக்கும் அதுதான் பலம். டயருக்குள் அதுவே பலவீனம். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி எழும்போது பாவும் ஊடையும் ஒன்றையொன்று அரைக்கும், சூடேறும், அறுந்துபோகும். 1890-களில் அமெரிக்காவில் பாமர் என்பவர் ஊடையைத் தூக்கி எறிந்தார். இழைகளை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து ரப்பரில் பதித்து ஓர் அடுக்கு. அதன் மேல் எதிர்ப்பக்கமாகச் சாய்த்து இன்னோர் அடுக்கு. நடுவில் ரப்பர் இருப்பதால் இழையோடு இழை உரசாது. நம் ஊர்ச் சாதாரண பைக்குகளில் ஓடுகிற டயர்களில் பெரும்பாலானவை இன்றும் இந்தக் குறுக்கடுக்கு முறையில் செய்தவைதான்.

பழைய டயர்களில் ‘4 பி.ஆர்.’, ‘6 பி.ஆர்.’ என்று எழுதியிருப்பது அந்த அடுக்குக் கணக்கின் மிச்சம். ஒரு காலத்தில் நான்கு அடுக்குப் பருத்தி இழை இருந்தால் நாலு, ஆறு இருந்தால் ஆறு. அதற்கும் எல்லாப் பருத்தியும் ஒத்துவரவில்லை. எகிப்துப் பருத்தி, சீ ஐலண்டுப் பருத்தி என்று நீள இழையைத் தேடித்தான் டயர் கம்பெனிகள் அலைந்தன. ‘டின்னவெல்லி’ என்ற பெயரிலேயே நம் மாவட்டப் பருத்தி உலகச் சந்தையில் ஏலம் போன காலம் அது. ஆனாலும் அதன் இழை நீளம் இந்த வேலைக்குப் போதாது. பருத்தி போய் ரேயான் வந்தது, ரேயான் போய் நைலான் வந்தது. சென்னைக்கு வடக்கே மணலியில் 1974-ல் தொடங்கிய எஸ்.ஆர்.எஃப். ஆலையின் முதல் வேலை டயருக்கான நைலான் இழைத் துணி செய்வதுதான். அதற்குப் பிறகு நான்கு அடுக்கின் பலத்தை இரண்டே அடுக்கு கொடுத்தது. டயரின் மேல் எழுதும் எண் மட்டும் பருத்திக் காலத்துக் கணக்கிலேயே நின்றுவிட்டது. புதிதாக டயர் வாங்குபவர் ‘6 பி.ஆர். என்றால் உள்ளே ஆறு அடுக்கு’ என்று எண்ணிக்கொண்டால் தவறு. சுமை தாங்கும் திறனின் குறியீடு அது, அவ்வளவே.

ரப்பர் கதை ஊரறிந்தது, சுருக்கமாகவே சொல்லலாம். 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு எழுபதாயிரம் விதைகளைக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து இந்தியாவுக்கும் பரவி, திருவிதாங்கூர் மலையடிவாரங்களில் வேர் பிடித்தது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் மரங்களும் சேர்ந்தே வந்தன. மேலப்பாளையத்தில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நாகர்கோவில். அங்கேதான் 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது.

ரப்பர் பாலுக்கு நிறம் வெள்ளை. முதல் டயர்களும் வெளுப்பாகத்தான் இருந்தன. கார்பன் கரியைச் சேர்த்தால் தேய்மானம் பல மடங்கு குறைகிறது என்று தெரிந்த பிறகுதான், 1910-களில், டயர் கறுத்தது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் சாமானிய வீடுகளுக்கு டயர் வந்த வழி மோட்டார் வழி அல்ல, மாட்டு வண்டி வழி. டன்லப் கம்பெனி 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் ஆலை திறந்தது. அதன் சரக்குகளில் ஒன்று மாட்டு வண்டிக்கான காற்று டயர். இரும்புப் பட்டை அடித்த கட்டை வண்டி சாலையை அறுத்துக்கொண்டு போகும், மாடும் திணறும். டயர் வண்டி சத்தமில்லாமல் கூடுதல் பாரம் இழுக்கும். பாளையங்கால்வாய்ப் பாசன வயல்களிலிருந்து நெல்லும் வைக்கோலும் வாழைத்தாரும் ஏற்றிவந்த வண்டிகளில் ‘டயர் வண்டி’ தனி ஜாதியானது. ஊரில் ஒருவர் வசதியானவரா என்று கேட்டால் ‘டயர் வண்டி வச்சிருக்காரு’ என்று பதில் சொன்ன காலம் உண்டு.

பிறகு போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்கள் மொத்தமாகக் கைநழுவின. பெட்ரோலும் டயரும் ஒரே சமயத்தில் பஞ்சத்துக்குள் போயின. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்புப் போல ஒன்றைப் பொருத்தி, கரியிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். அந்தக் கருவியைச் சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே வடிவமைத்து விற்றது. டயர் தட்டுப்பாட்டுக்கும் அவர் ஒரு வழி கண்டார்: ரீட்ரெடிங் ஆலை. தேய்ந்த டயரின் மேல்பரப்பைச் சுரண்டி, புதிய ரப்பர் பட்டையைப் படியவைத்து, அச்சுக்குள் வைத்துச் சூடேற்றி மறுபடியும் பட்டன் வரவழைப்பது. உள்ளேயிருக்கும் துணி நன்றாக இருந்தால் போதும், டயருக்கு இரண்டாம் ஆயுள், மூன்றாம் ஆயுள் உண்டு.

இந்தப் பழக்கம் போரோடு முடியவில்லை. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் ரீட்ரெடிங்குக்கான ரப்பர் பட்டை செய்யும் தொழிலுக்கு மாறினார். அன்று அந்தச் சரக்கு பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில். 1956-க்குள் நாட்டின் தேவையில் பாதியை மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி பிடித்துவிட்டது. புது டயர் செய்யத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1961-ல், அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் கூட்டில். ஆக எம்.ஆர்.எஃப். என்ற பெயர் முதலில் வளர்ந்தது மொட்டை டயர்களின் மேல்தான். அதே திருவொற்றியூரில்தான் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ஃபீல்டு புல்லட்டைச் செய்ய ஆரம்பித்திருந்தது. பைக்கும் டயரும் ஒரே கடற்கரைச் சாலையில் பிறந்தன.

லாரிக்கு ரீட்ரெடிங் இன்றும் நேர்மையான தொழில். பைக்குக்கு அப்படியில்லை. பைக் வளைவில் சாய்கிறது; அதன் முழு நம்பிக்கையும் உள்ளங்கை அளவு ரப்பரின் மேல் நிற்கிறது. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புதுக் காடி வெட்டி ‘நல்ல செகண்ட்ஸ்’ என்று தள்ளிவிடும் வேலையும் நாட்டில் உண்டு. காடி ஆழமாகத் தெரியும். அதன் அடியில் நைலான் இழைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு தாள் கனம் ரப்பர்தான் இருக்கும். பணம் மிச்சம் என்று புதுசாக ஓட்டுகிற பையன்கள் ஏமாறுகிற இடங்களில் இது ஒன்று.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஸ்டெப்னி. தமிழில் இத்தனை பழகிப்போன சொல்லின் பிறப்பிடம் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற சிற்றூர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் காருக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயரையே சக்கரத்துக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல் இன்று யார் வாயிலும் இல்லை. தமிழ்நாட்டில் மாற்று ஆளையும் ‘ஸ்டெப்னி’ என்று கிண்டல் செய்கிற அளவுக்கு அது வாழ்கிறது.

லாம்பிரெட்டா, வெஸ்பா, பின்னால் பஜாஜ் சேதக் என்று ஸ்கூட்டர்கள் ஆண்ட காலத்தில் டயர் மாற்றுவது வேறு மாதிரி. முன் சக்கரம், பின் சக்கரம், முதுகில் ஒரு ஸ்டெப்னி. மூன்றுக்கும் ஒரே அளவு, சேதக்கில் ‘3.50-10’. பஞ்சரானால் வண்டியைச் சாய்த்து, நட்டுகளைக் கழற்றி, கணவரே மாற்றிவிடுவார். மனைவியும் பிள்ளைகளும் புளியமர நிழலில் நிற்பார்கள். பின் டயர் தேய்ந்தால் அதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததை ஸ்டெப்னியாக்கி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது குடும்பப் பொருளாதாரம். புது டயர் வாங்கப் போனால் ‘ஸ்கூட்டருக்கு ஒரு டயர்’ என்றால் முடிந்தது பேச்சு. முன்னதா பின்னதா என்ற கேள்வியே கிடையாது. வண்டிக்கே வருடக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்த மக்கள், டயரில் என்ன தேர்ந்தெடுப்பது? கடையில் இருந்ததுதான் டயர்.

1980-களில் இது மாறியது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்று சொல்லி விற்ற அந்த மொபெட்டில் தமிழ்நாடு ஐந்து பேரையும், மேலப்பாளையம் கூடுதலாக இரண்டு ஆட்டையும் ஏற்றியது. 1984-ல் இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. ஜப்பான் தொழில்நுட்பத்தில் சத்தம் குறைந்து, பெட்ரோல் குறைந்து, ஸ்கூட்டர் வீடுகளுக்குள் மோட்டார் சைக்கிள் நுழைந்தது. ஸ்டெப்னி நுழையவில்லை. பதினெட்டு அங்குல ஸ்போக்ஸ் சக்கரத்தை எங்கே கட்டிக்கொண்டு போவது?

பஞ்சர் கடையின் பொற்காலம் அங்கேதான் தொடங்கியது. ஸ்டெப்னி போன இடத்தில் பஞ்சர்கார அண்ணாச்சி வந்தார். வேப்பமரத்தடி, கிளையில் தொங்கும் பழைய டயரில் வெள்ளை பெயிண்டில் ‘பஞ்சர்’, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு லிவர், சொல்யூஷன் ட்யூப். கொஞ்சம் வசதியானவர் என்றால் ஒரு கம்ப்ரஸர். கோயம்புத்தூரில் 1960-ல் தொடங்கிய எல்ஜி நிறுவனத்தின் பெயர் ஊர் ஊராகப் பரவியது இந்தக் கம்ப்ரஸர்களின் புண்ணியத்தில். ‘காத்து’ என்றால் இந்த ஊர்களில் தென்றலுக்கு அடுத்தபடி அதுதான்.

மோட்டார் சைக்கிளோடு இன்னொன்றும் வந்தது: முன் டயர் வேறு, பின் டயர் வேறு. முன்னால் நீளவாக்கில் கோடு கோடாக ‘ரிப்’ போட்ட டயர். வண்டியை நேர்க்கோட்டில் பிடித்துப் போவதும், மழைத் தண்ணீரைக் கிழித்து ஒதுக்குவதும் அதன் வேலை. பின்னால் பட்டன் பட்டனாகக் கட்டம் போட்ட டயர். இழுவை அதனுடையது, பாரமும் அதனுடையது. பின் டயர் இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். அதை மாற்றுவார்கள், முன் டயரை மறந்துவிடுவார்கள். பட்டன் இருக்கிறதே என்று பத்து வருஷத்து முன் டயரோடு ஓடுகிற பைக்குகள் எந்தத் தெருவிலும் கிடைக்கும். திருநெல்வேலி வெயிலில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். ஐப்பசியில் முதல் மழை, சாலையில் எட்டு மாதத்துப் புழுதியும் எண்ணெயும் குழைந்து கிடக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரமிருக்காது. முதன்முதலாக டயர் மாற்றுகிறவர் ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்ற நிலையில், முன் டயரையும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

சந்தை பெரிதாக, பெயர்களும் பெருகின. எம்.ஆர்.எஃப்.பின் ‘நைலோகிரிப்’ 1980-களின் இரு சக்கரக் காலத்துப் பெயர்; நைலான் என்ற சொல்லே அன்று பெருமை. மதுரையைத் தாண்டி மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. 1982-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதன்மைத் தொழில் இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயர்கள்தான். திருக்குறுங்குடிக்காரர் ஆணி பொறுக்கிய கதை சுற்றிச் சுற்றி டயர் ஆலையில் வந்து நின்றது. அங்கே செய்த டயரைத்தான் சந்தைக்கு ஆடு கொண்டுவருகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டுகள் பலவற்றில் பார்க்கிறோம். 2019-லிருந்து அதன் புதுப்பெயர் ‘யூரோகிரிப்’. நான்கு எழுத்து மாறினால் விலையும் மாறும் என்று கடைக்காரர் ஒருவர் முணுமுணுத்தால் ஆச்சரியமில்லை.

2008-ல் யமஹா எஃப்.இசட். 16 வந்தபோது பையன்களின் கண் பின் சக்கரத்தில்தான் நிலைகுத்தியது. 140 மில்லிமீட்டர் அகலம், ரேடியல், ட்யூப்லெஸ். அதுவரை நம் தெருவில் ஓடிய பைக்குகளில் பெரும்பாலானவற்றின் பின் டயர் அதில் முக்கால் பங்கு அகலம்கூட இல்லை. ‘தடி டயர்’ மோகம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. நூறு சிசி வண்டிக்கும் தடி டயர் கேட்டுக் கடைக்கு வருகிறார்கள். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு நடு முதுகு கூம்பிவிடும். தரையில் படும் இடம் அதிகமாவதற்குப் பதில் குறையும். செயின் கவரில் உரசும், மைலேஜ் குறையும், வளைவில் திரும்ப மறுக்கும். பார்க்கக் கம்பீரம், அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த அளவு, அல்லது அதற்கு ஒரு படி மேல். அதைத் தாண்டிப் போகிறவர் தன் வண்டியின் பொறியாளர்களைவிடத் தனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று நம்புகிறவர்.

ட்யூப்லெஸ் கொண்டுவந்த மாற்றம் இன்னும் பெரியது. ட்யூபுக்குள் ஆணி ஏறினால் காற்று ‘புஸ்’ என்று போய்விடும். பாபநாசம் சாலையில் இருட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளியவர்களுக்குத் தெரியும் அந்தச் சுகம். ட்யூப்லெஸ்ஸில் ஆணி தானே அடைப்பாக நிற்கும், காற்று மெல்லக் கசியும், கடை வரை ஓட்டிக்கொண்டே வரலாம். ரப்பர் திரியைக் குத்திச் செருகினால் பத்து நிமிட வேலை. ஸ்கூட்டரின் ஸ்டெப்னி தந்திருந்த தைரியம் முப்பது வருஷம் கழித்து வேறு உருவத்தில் திரும்பியது. ஆனால் சாதாரண ஸ்போக்ஸ் சக்கரத்துக்கு இது ஆகாது. ஒவ்வொரு ஸ்போக்ஸ் துளையிலும் காற்று கசியும். மாமாவின் பழைய ஸ்ப்ளெண்டர் ஸ்போக்ஸ் என்றால் ட்யூப்தான். டயரோடு ட்யூபையும் புதிதாகப் போடுவதுதான் முறை. பழைய ட்யூப் பழைய டயரின் அளவுக்கு விரிந்து பழகியது. புது டயருக்குள் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பே அடுத்த பஞ்சராகும்.

சரி, பையன் கடைக்குப் போகிறான். அலமாரியில் ஏழெட்டுக் கம்பெனி. எது நல்லது என்ற விவாதத்தை டீக்கடைக்கு விட்டுவிட்டு, பக்கச் சுவரைப் படிப்பது புத்திசாலித்தனம். முன் டயர், பின் டயர் இரண்டும் ‘80/100-18’ என்றாலும் ஒன்றில் ‘47 பி’, மற்றதில் ‘54 பி’ என்றிருக்கும். 47 என்றால் 175 கிலோ வரை தாங்கும். 54 என்றால் 212 கிலோ. அளவு ஒன்று என்று முன் டயரைப் பின்னால் மாட்டிவிட்டால் சந்தை நாளில் அது தெரியவரும். ‘பி’ என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்பதன் குறி. ஸ்ப்ளெண்டருக்கு அது தாராளம்.

நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். ‘3124’ என்றால் 2024-ஆம் ஆண்டின் 31-வது வாரத்தில் பிறந்த டயர். 2000-க்கு முன் மூன்றே எண்கள்தான் இருந்தன. எந்தப் பத்தாண்டு என்று யாருக்கும் புரியாது. தள்ளுபடியில் கிடைக்கிற டயரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு எண்களைத்தான். தகரக் கூரை கிடங்கில் நான்கு கோடையைக் கழித்த டயர், பட்டன் புதிதாக இருந்தாலும் பழையதுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய ஆணை 2009-ல் வந்தது. அது இல்லாத டயரைக் கையால் தொட வேண்டாம். அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டுகிறது. கடைப்பையன் அவசரத்தில் அதைத் திருப்பி மாட்டுவது நடக்கிற காரியம்தான். காடிகளுக்கு அடியில் சின்ன மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி சொல்லும் எல்லை 0.8 மில்லிமீட்டர்.

ஓட்டப்போகிற இடமும் ஒரு கணக்கு. மேலப்பாளையத்திலிருந்து கொக்கிரகுளம் வந்து, 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறி டவுனுக்குப் போய்வருவதுதான் தினசரி ஓட்டம் என்றால் சாதாரண ரிப்பும் பட்டனும் போதும். ஞாயிற்றுக்கிழமையானால் மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர் என்றால், கல்லும் சேறுமான அந்த மலைப்பாதைக்குக் காடி ஆழமான டயர் வேண்டும். அந்த டயர் நான்குவழிச் சாலையில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். இரண்டுக்கும் ஒரே டயர் கேட்டால் கடைக்காரர் சிரிக்காமல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது இரண்டுக்கும் அரைகுறையாக உழைக்கும்.

டயர் மாட்டியாயிற்று. பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி; அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும்.

“புது டயருன்னு நெனச்சு மொறுக்கிராத. நூறு நூத்தம்பது கிலோமீட்டர் பைய ஓட்டு. சாய்க்காத.”

“சரி அண்ணாச்சி. பழைய டயர என்ன செய்ய?”

கழற்றிப் போட்ட டயர் தரையில் கிடக்கிறது. நடுவில் மொட்டை, ஓரத்தில் மட்டும் பட்டன். கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தொட்டித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் ஏற்கெனவே கையில் குச்சியோடு எழுந்து நிற்கிறான்.